சுவர் எழுதும் கைகள்
(கல்விக் கழக வெள்ளி விழாக் கூட்டத்தில் எழுத்து ஓவியர் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)

 

இம்மேடையில் எங்களுக்கு முன்பு பேசியவர்கள் பேராசிரியர்கள், வழக்கறிஞர்கள், மருத்துவர்கள். எங்களுக்கு ஒலிபெருக்கி பழக்கமில்லை. மேடைக்குப் பின்னே தொங்கும் துணியை நாற்பது ஆண்டுகளாக அறிவோம். அத்துணிக்கு முன்னே நின்று பேசுவது இதுவே முதன்முறை. செயலாளர் வந்து, ‘எழுத்து ஓவியர்களின் சார்பில் ஒருவர் பேச வேண்டும்’ என்று கேட்டபோது, யார் பேசுவது என்று எங்களுக்குள் ஒரு வாரம் வழக்கு நடந்தது. ‘கையில் நடுக்கம் வந்துவிட்டவர் பேசட்டும், கை நன்றாக உள்ளவர்கள் வேலைக்குப் போகட்டும்’ என்று தீர்ப்பாயிற்று. ஆகவே, இங்கே நிற்பது ஒருவரேயாயினும் பேசுவது நால்வர். ஒரு காலத்தில் எழுவராக இருந்தோம்.

எங்கள் தொழிலுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. சென்னையில் 1850இல் தோன்றிய ஓவியப் பள்ளி இன்று அரசு கவின் கலைக் கல்லூரியாக விளங்குகின்றது. கும்பகோணத்திலும் அத்தகைய கல்லூரி உண்டு. எங்களில் எவரும் அவற்றின் வாயிலைக் கண்டதில்லை. 1970களின் நடுவில், எட்டாம் வகுப்போடும் ஐந்தாம் வகுப்போடும் படிப்பு நின்றுபோன சிறுவர்கள் சிலர் ஒரு மூத்த ஓவியரிடம் ஒட்டிக்கொண்டோம். அவரை நாங்கள் வாத்தியார் என்றே அழைத்தோம். அவரும் நம் சேரியில் பிறந்தவர்தாம். எழுத்துக் கற்றது எங்கே என்று கேட்டால், ‘கடைத்தெருவில்’ என்பார். மாடு மேய்க்கும் வயதில் கடைப் பலகைகளைப் பார்த்துப் பார்த்து மணலில் எழுதிப் பழகியவர். வாசிக்கத் தெரியுமுன்பே எழுதத் தெரிந்துகொண்ட மனிதர் அவர்.

முதல் ஓராண்டு எங்களைத் தூரிகை பிடிக்க விடவில்லை. மண்ணெண்ணெயில் பிரஷ் கழுவ வேண்டும். கிளிஞ்சல் சுண்ணாம்பு நீற்றிச் சலிக்க வேண்டும். வஜ்ஜிரம் காய்ச்ச வேண்டும். அந்த நாற்றம் தலைமுடியில் ஏறினால் இரண்டு நாளைக்கு இறங்காது. அதன் பிறகு நூல் பிடிக்கும் வேலை. காவிப் பொடியில் தோய்த்த நூலைச் சுவரின் இரு முனையிலும் இருவர் இழுத்துப் பிடிக்க, நடுவே சுண்டிவிட்டால் கோடு விழும். ஓர் ஆணியில் கட்டித் தனியாளாகவும் நூல் அடிக்கலாம். ஆயினும், நூல் தளர்ந்திருக்கிறது என்பதை ஆணி சொல்லாது. எதிர்முனையைப் பிடித்திருப்பவன் சொல்வான்.

எழுத்தின் இயல்பை அறிய ஐந்தாறு ஆண்டுகள் ஆயின. தமிழ் எழுத்துகள் ஒரே அகலத்தில் அடங்குவன அல்ல. ‘ர’ ஒடுங்கி நிற்கும். ‘ண’ தன் பங்குக்கு மேல் இடம் கேட்கும். ‘ட’வின் வலப்புறம் மேலே வெற்றிடம் கிடக்கும், அடுத்த எழுத்தைச் சற்று நெருக்கி வைக்காவிட்டால் சொல் இரண்டாகப் பிளந்துவிடும். ‘கடலை’ என்று எழுதியது ‘கட’ என்றும் ‘லை’ என்றும் பிரிந்து நின்று, வணிகரிடம் நாங்கள் வசவு வாங்கியதுண்டு. வளைந்த எழுத்தின் முதுகு கோட்டைச் சிறிது தாண்டினால்தான் நேரெழுத்தோடு சம உயரமாகத் தோன்றும். அளவுகோல் சரி என்னும்; கண் சரியில்லை என்னும். வாத்தியார் எப்போதும் கண்ணின் பக்கம்.

1978 அக்டோபரில், தந்தை பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றுத் தமிழக அரசு ஆணையிட்டது. 1935 முதல் அவர் தம் ‘குடி அரசு’ இதழில் கையாண்ட முறை அது. அதுவரை ணை, லை, ளை, னை என்னும் நான்கும் யானையின் துதிக்கை போன்ற வளைவைத் தலையில் ஏந்தி நின்றன. ணா, றா, னா என்பன தனிக்கால் இன்றித் தம்முள்ளே சுழிந்து நின்றன. ஆணை வந்தபின் சென்னைக்கும் மதுரைக்கும் செல்லும் வழிகாட்டிப் பலகைகளில் ஒன்று மாறியது, மற்றொன்று மாறவில்லை. ‘மதுரை’யின் ‘ரை’க்குப் பழைய காலத்திலும் துதிக்கை இல்லை. பள்ளிப் பலகைகளும் கடைப் பலகைகளும் திருத்தத்துக்கு வந்தன. சிறுவர்களாகிய எங்களுக்கு அம்மாற்றம் எளிதாயிருந்தது. வாத்தியாருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. மனம் புதிய ‘லை’யை நினைத்தாலும் கை பழைய துதிக்கையை வளைத்துவிடும். அவர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு சிலேட்டை வாங்கி வந்து, மாலை வேளைகளில் எங்களோடு திண்ணையில் அமர்ந்து, ‘சரியா, பாருங்கள்’ என்று எங்களிடமே காட்டித் திருத்திக்கொண்டார். எங்களில் ஒருவனுக்கு அப்போது பதினான்கு வயது. இன்றும் பழைய கட்டடங்களின் நெற்றியில் அத்துதிக்கை ‘லை’யைக் காணும்போது நாங்கள் சிறிது நேரம் நின்றுவிட்டுத்தான் நகர்வோம்.

மறு ஆண்டு நிகழ்ந்தது ஒன்று. நெடுஞ்சாலையோரத்துச் சிற்றூர் ஒன்றில் உணவு விடுதிப் பலகை எழுதும் வேலை வந்தது. ஊரின் பெயரும் விடுதியின் பெயரும் இங்கு வேண்டா. பெயருக்குக் கீழே ‘அனைவரும் வருக’ என்று எழுதச் சொன்னார் உரிமையாளர். புதிய ‘னை’யில்தான் எழுத வேண்டும் என்றும் வற்புறுத்தினார். எங்கள் குழுவில் வேறு சமுதாயத்தைச் சேர்ந்த தோழர் ஒருவர் இருந்தார். நண்பகலில் அவரை மட்டும் உள்ளே அழைத்துக் கண்ணாடிக் குவளையில் தேநீர் கொடுத்தனர். எங்களுக்குப் பின்கட்டில், கூரைச் செருகலில் வைத்திருந்த அலுமினியக் குவளைகளை எடுத்துக் கழுவிக்கொள்ளச் சொன்னார்கள். தோழர் தம் குவளையோடு வெளியே வந்தார். அதை வாசற்படியில் வைத்துவிட்டு, எங்களில் ஒருவன் கையிலிருந்த அலுமினியக் குவளையை வாங்கி, மிச்சத் தேநீரைக் குடித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் ஏணியில் ஏறினார்.

பலகையைச் சிதைத்துவிட வேண்டும் என்று இளையவர்கள் கொதித்தோம். வாத்தியார் இடங்கொடுக்கவில்லை. கடைசிக் கோடு வரை செம்மையாக எழுதி முடித்தார். கூலியை எண்ணிக் கொடுத்த உரிமையாளர், ‘எழுத்து நன்றாக வந்திருக்கிறது’ என்றார். ‘அந்த ‘அனைவரும்’ மட்டும் புது எழுத்து ஐயா. பழகக் கொஞ்ச நாள் பிடிக்கும்’ என்று சொல்லிவிட்டு வாத்தியார் நடந்தார். அவருக்கு அது விளங்கியதோ, இல்லையோ!

அன்று அவர் காட்டியது பொறுமையா, அச்சமா என்று எங்களுக்குள் பல ஆண்டுகள் வாதம் நடந்தது. இன்றும் எங்களில் இருவர் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாகவே இருக்கின்றோம். ஆனால் இதனையும் சொல்ல வேண்டும்: மூன்று ஆண்டு கழித்து அப்பலகையைப் புதுப்பிக்க ஆள் அனுப்பினார்கள். ‘உள்ளே உட்கார்ந்து தேநீர் அருந்திய பிறகு எழுதுகிறோம்’ என்று வாத்தியாரே மறுமொழி அனுப்பினார். அவர்கள் பக்கத்து ஊர் ஓவியரை நாடினார்கள். அவர் எங்களுக்குத் தொழிற் போட்டியாளர். எங்கள் வேலைகள் பலவற்றைத் தட்டிச் சென்றவர். நம் சமுதாயத்தவரும் அல்லர். அவர் மிதிவண்டியில் வந்து காரணம் கேட்டார். அறிந்ததும் அவரும் போகவில்லை. பலகை இரண்டு மழைக்காலம் உரிந்தபடியே தொங்கியது. பின்னர் ஒரு குளிர்பான நிறுவனம் இலவசத் தகரப் பலகை கொடுத்து உரிமையாளரின் கவலையைத் தீர்த்து வைத்தது.

பெரிய சுவரில் முகம் எழுதுகிறவன் தான் எழுதுவதைக் காணமாட்டான் என்பது உங்களில் பலருக்கு வியப்பாயிருக்கும். உள்ளங்கையளவு நிழற்படத்தில் கட்டம் போட்டு, அதே எண்ணிக்கையிலான கட்டங்களைச் சுவரில் பெரிதாகப் போட்டு, ஒவ்வொரு கட்டமாக நிரப்புவோம். சவுக்குக் கம்புச் சாரத்தின் மேல் நிற்கும்போது ஒரு கண்ணே ஆள் உயரம் இருக்கும். முன்னே தெரிவது வெறும் பழுப்புத் திட்டு. அது இமையா, மூக்கின் நிழலா என்பது எழுதுகிறவனுக்கே ஐயம். ஆகவே, ஒருவர் தெருவின் எதிர்ச்சாரியில் நின்று, ‘இடப்பக்கம் இன்னும் ஒரு சாண் இறக்கு’, ‘மீசையில் கறுப்பு மிகுந்துவிட்டது’ என்று குரல் கொடுப்பார். பெரும்பாலும் அப்படி நிற்பவன் புதிதாகச் சேர்ந்த சிறுவனாகவே இருப்பான். வேறு வேலைக்கு அவன் ஆகமாட்டான் அல்லவா? முப்பது ஆண்டு கைப்பழக்கம் உடையவர் மேலே நின்றுகொண்டு, பிரஷ் கழுவும் பையனின் சொல்லுக்குக் கட்டுப்படுவார். கட்டுப்படாதவருடைய முகங்கள் கோணிக்கொண்டதை நாங்கள் பார்த்திருக்கின்றோம்.

சென்னையில் திரைப்பட பேனர் எழுதிய கலைஞர்களிடமும் இதே முறைதான். மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, ஒருவர் கோடு போடுவார். ஒருவர் அடிவண்ணம் பூசுவார். முகத்தைத் தலைமை ஓவியர் முடிப்பார். எழுத்து வேறொருவர் கையில். 1957இல் வெளிவந்த ‘வணங்காமுடி’ படத்திற்காகச் சென்னையில் எழுப்பிய சிவாஜி கணேசனின் மாபெரும் கட்-அவுட்டைப் பற்றி மூத்த ஓவியர்கள் வாய் ஓயாமல் பேசக் கேட்டிருக்கின்றோம். படம் ஓடி முடிந்தால் அத்துணியின்மேல் வெள்ளை அடித்து அடுத்த படம் எழுதுவார்கள். துணி நைந்துவிட்டால் ஏதேனும் ஒரு குடிசைக்கு மறைப்பாகும். மூலையில் ‘ஆர்ட்ஸ்’ என்று முடியும் நிறுவனப் பெயர் இருக்கும். கோடு போட்டவர் பெயரும் வண்ணம் பூசியவர் பெயரும் இரா. 1930களில் பம்பாயில் சினிமா விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த எம்.எஃப். உசேன் பின்னாளில் உலகறிந்த ஓவியரானார். அவரோடு அதே சாரத்தில் நின்றவர்கள் யார் யாரோ!

இனி, சொல்லாமல் இருக்கக் கூடாத ஒன்று. 1991, அண்ணல் அம்பேத்கரின் நூற்றாண்டு. எங்கள் பகுதியில் ஒரு குடியிருப்பின் முகப்புச் சுவரில் அண்ணலின் உருவத்தை எழுதி முடித்திருந்தோம். ஏப்ரல் 12ஆம் நாள் இரவு எவரோ அதன்மேல் தார் ஊற்றிவிட்டனர். விடிந்ததும் இளைஞர்கள் திரண்டார்கள், எதிர்ப்பக்கத்திலும் திரண்டார்கள், காவலர்கள் நடுவில் நின்றார்கள். பெரியவர்கள் எங்களிடம் வந்து, ‘பதினான்காம் தேதி விடியும்போது அந்த முகம் அங்கே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகளை எங்களால் தடுத்து நிறுத்த முடியாது’ என்றனர். ஓர் இரவும் ஒரு பகலுமே இருந்தன.

தாரின் மேல் வண்ணம் நில்லாது. எத்தனை பூச்சு பூசினாலும் எண்ணெய் வண்ணத்தை ஊடுருவிப் பழுப்பாகக் கசிந்து வரும். ஆகவே, மேற்பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதுச் சாந்து பூச வேண்டியதாயிற்று. ஈரச் சாந்தின் மேலோ எனாமல் பிடிக்காது; சுண்ணாம்பின் காரம் அதைத் தின்றுவிடும். வேறு வழியின்றி, ஈரச் சுண்ணத்திலேயே பொடி வண்ணங்களால் எழுதத் துணிந்தோம். அது புதிய வித்தை அன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில் பிற்காலப் பூச்சுக்கு அடியில் மறைந்திருந்து, 1931இல் பேராசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்த சோழர் கால ஓவியங்களும் சுண்ணச் சாந்தின் ஈரத்தில் எழுதியவையே. அரசன் எழுப்பிய கருவறையைச் சுற்றி எவரோ பயின்ற முறை, நம் சேரிச் சுவருக்கு அன்று கை கொடுத்தது.

செய்தி எப்படியோ பரவி, மாலைக்குள் வேறு ஊர்களிலிருந்து ஐந்து ஓவியர்கள் வந்து சேர்ந்தார்கள். மூவர் நம் சமுதாயத்தவர் அல்லர். முன்பு சொன்ன தொழிற் போட்டியாளரும் அவர்களுள் ஒருவர். காவி இருந்தது, மஞ்சள் மண் இருந்தது, கரி இருந்தது. அண்ணலின் மேலங்கிக்கு நீலம் இல்லை. கடைகளை அடைத்துவிட்டார்கள். ‘துணிக்குப் போடும் நீலம் ஆகுமா?’ என்று ஒரு தாய் கேட்டார். சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கக்கூடிய நீலம் அது. வெள்ளையடிக்கும்போது கலக்கிறார்கள் அல்லவா? வீடுவீடாகச் சென்று, சலவைக்கு வைத்திருந்த சிறு சிறு பொட்டலங்களைப் பெண்கள் திரட்டிக்கொண்டு வந்தனர். அந்த மேலங்கி அப்பொட்டலங்களால் ஆனது.

முகத்தை எழுத வேண்டிய நேரத்தில் வாத்தியார் தூரிகையை அந்தப் போட்டியாளரிடம் கொடுத்தார். ‘முகம் உங்கள் கைக்கு வரும், நான் கீழே நிற்கிறேன்’ என்றார். எங்களுக்கு வருத்தமே. அண்ணலை எழுதியோர் அறிவர், அந்த மூக்குக் கண்ணாடிதான் கடினம். வட்டம் ஒரு விரற்கடை பிசகினாலும் அது வேறு யாரோ ஒருவருடைய முகமாகிவிடும். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் வாத்தியார் சாலையின் நடுவே, காவலர்களுக்கு இடையில் நின்றுகொண்டு இரவெல்லாம் குரல் கொடுத்தார். ‘இடக்கண்ணாடி தாழ்கிறது... இன்னும்... நிறுத்துங்கள்.’ அவர் குரலைக் கேட்டுக் கேட்டு எதிர்ப்பக்கத்துத் திண்ணையில் இருந்தவர்களில் ஒருவர், ‘இப்போது சரியாக இருக்கிறது’ என்று சொல்லிவிட்டார்! சொன்னவர் உடனே வாயை மூடிக்கொண்டார். ஆனால் நாங்கள் கேட்டோம்.

காலையில், கீழே பெயர் எழுதுவதா என்ற பேச்சு எழுந்தது. எழுதினால் வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு அவரவர் ஊரில் தொல்லை நேரும். ஆகவே எழுதவில்லை. அது எங்கள் மனத்தில் இன்றும் கிடக்கின்றது.

பணிவைப் பற்றி நம்மவர்களிடையே பேச எங்களுக்குக் கூச்சமாகவே இருக்கின்றது. நம் பாட்டன்மாருக்குப் பணிவு என்ற பெயரில் என்னென்ன சுமத்தப்பட்டன என்பதை நீங்கள் அறிவீர்கள். தோளில் துண்டு கூடாது, காலில் செருப்புக் கூடாது, தெருவில் மிதிவண்டி ஏறக் கூடாது என்றார்கள். அப்படிக் குனிய வைத்த முதுகை நாம் போற்ற வேண்டியதில்லை. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் இதழ் தொடங்கியபோது, இழிவாக வீசப்பட்ட ‘பறையன்’ என்ற பெயரையே அதன் நெற்றியில் அச்சிட்டார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று தம் இதழுக்குப் பெயரிட்டார். பெயர்ப் பலகை எழுதுகிறவர்கள் என்ற முறையில் சொல்கின்றோம்: அவ்விரண்டு தலைப்புகளைவிடத் துணிவான பலகை எழுத எங்களுக்கு வாய்த்ததில்லை.

நம் அரசியலமைப்புச் சட்டத்தின் மூலப்படி அச்சுக் கோத்தது அன்று, கையால் எழுதப்பட்டது. அண்ணலின் தலைமையில் அமைந்த குழு வரைந்த அச்சட்டத்தின் ஆங்கிலப் படியைத் தில்லியைச் சேர்ந்த எழுத்துக் கலைஞர் பிரேம் பிஹாரி நாராயண் ராய்ஜாதா எழுதினார். சாந்திநிகேதனத்து நந்தலால் போஸும் அவருடைய மாணவர்களும் பக்கங்களை அணிசெய்தனர். 1950 ஜனவரி 24ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையினர் அதில் கையொப்பமிட்டனர். ராய்ஜாதா கூலி கேட்கவில்லை. பக்கந்தோறும் தம் பெயர் இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டுப் பெற்றார். முகப்புரைப் பக்கத்தை அணிசெய்த பியோஹர் ராம்மனோகர் சின்ஹா என்ற மாணவரும் தம் பெயரை ஒரு மூலையில் சிறிதாக எழுதி வைத்தார். செய்த வேலைக்குக் கீழே பெயர் இடுவது செருக்கு என்று எவரும் அவர்களைப் பழிக்கவில்லை. எங்கள் கருத்தும் அதுவே. சாரத்தின் மேல் நிற்கும்போது கீழே நிற்கும் சிறுவனுக்குச் செவி கொடுங்கள். இறங்கி வந்தபின் உங்கள் பெயரையும் எழுதுங்கள், அவன் பெயரையும் எழுதுங்கள். வாத்தியாரிடம் நாங்கள் கற்ற பணிவு இவ்வளவுதான்.

இக்கழகத்தோடு எங்களுக்குள்ள உறவு ஒரு பிழையில் தொடங்கியது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், ஓட்டுக் கூரையின் கீழ் ஒரே அறையில் இரவுப் பாடசாலை தொடங்கிய நாளில், முதற்பலகையை நாங்கள் எழுதிக் கொடுத்தோம். தகரத்தில் நீல அடிவண்ணம், வெள்ளை எழுத்து. விடிய விடிய எழுதி, காலையில் மாட்டிவிட்டு, எதிரே நின்று எல்லோரும் பாராட்டக் கேட்டு மகிழ்ந்துகொண்டிருந்தோம். அப்போது ஆறாம் வகுப்புப் படித்த ஒரு சிறுமி வாத்தியாரின் சட்டையைப் பிடித்து இழுத்து, ‘தாத்தா, புள்ளி இல்லை’ என்றாள்.

பார்த்தோம். ‘கல்வி’யில் ‘ல்’லுக்குப் புள்ளி இல்லை. புள்ளி விழுந்துபோனால் அது என்ன சொல்லாகும் என்பதை இம்மேடையில் நாங்கள் சொல்லலாகாது. தமிழாசிரியர்கள் சிரிப்பதிலிருந்து தெரிந்துகொள்ளுங்கள். விழாவிற்கு அதிகாரிகள் வர அரைமணி நேரமே இருந்தது. ஏழு பேர், எல்லோருக்குமாகச் சேர்த்து நூறாண்டுக்கு மேற்பட்ட அனுபவம். ஒருவர் கண்ணிலும் படவில்லை. அந்தச் சொல்லை எழுதியவன் யார் என்று பொறுப்பாளர் ஒருவர் கடிந்து கேட்டார். எழுதியவன் எங்களில் இளையவன். முதன்முதலாக எழுத்துக்கு அமர்ந்தவன். முகம் வெளிறி நின்றான். ‘நான்தான் எழுதினேன்’ என்றார் வாத்தியார். எங்கள் ஆறு பேரில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. அவர் ஏணியைச் சார்த்தி, அச்சிறுமியை ஏற்றி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தூரிகையை அவள் கையில் கொடுத்தார். அவள் வைத்த புள்ளி சிறிது பெரிதாகிவிட்டது. பின்னர் இருமுறை அப்பலகையைப் புதுப்பித்தபோதும் அப்புள்ளியின் அளவை நாங்கள் குறைக்கவில்லை.

அக்காலத்திலேயே எங்கள் தொழிலுக்கு இறங்குமுகம் தொடங்கியிருந்தது. 1990களின் இறுதியில் கணிப்பொறியில் அச்சிடும் ஃப்ளெக்ஸ் வந்தது. ஐந்து நாள் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. அதைக் குறை சொல்லி என்ன பயன்? சுண்ணாம்பு சலித்தவன் நுரையீரலுக்கு அது நன்மையே. சுவர் எழுத்தும் குறைந்தது. பொது இடங்களை அலங்கோலம் செய்வதைத் தடுக்கும் சட்டம் நம் மாநிலத்தில் 1959 முதலே உண்டு; பிற்காலத்தில் தேர்தல் ஆணையம் அதைக் கண்டிப்புடன் கையாண்டது. நாங்களும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: பிறர் வீட்டுச் சுவரில் உரிமையாளர் உறங்கும்போது சின்னம் எழுதிவிட்டு விடியுமுன் ஓடிய இரவுகள் எங்களுக்கு உண்டு. எங்கள் எழுவரில் ஒருவர் காவலாளி வேலைக்குச் சென்றார். ஒருவர் ஆட்டோ ஓட்டினார். இருவர் வீடுகளுக்கு வண்ணம் பூசினர். வேலை கிடைத்தவர் கிடைக்காதவரை அழைத்துக்கொண்டு போவது என்ற வழக்கம் மட்டும் நிற்கவில்லை. ஒருவர்க்குரிய கூலியை இருவர் பகிர்ந்துகொண்ட மாதங்கள் பல.

2009, 2010ஆம் ஆண்டுகளில் சென்னை மாநகராட்சி அண்ணா சாலைச் சுவர்களில் சுவரொட்டி ஒட்டுவதைத் தடுத்து, தமிழர் பண்பாட்டுக் காட்சிகளை எழுதச் செய்தது. ஃப்ளெக்ஸால் வேலையிழந்த பேனர் ஓவியர்களுக்கு அதனால் சில மாதங்கள் அடுப்பெரிந்தது. பிறகு, 2020இல் கண்ணகி நகரின் நெடுஞ்சுவர்களில் ஓவியங்கள் எழுந்தன. நகரின் நடுவிலிருந்து பெயர்க்கப்பட்ட நம் மக்கள் பெருவாரியாகக் குடியமர்த்தப்பட்ட இடம் அது. அம்முகவரியைச் சொன்னால் வேலை தர மறுத்த காலம் உண்டு. சுவரில் வண்ணம் ஏறியதால் குழாயில் தண்ணீர் வந்துவிடாது என்று சிலர் கூறினர். உண்மைதான். ஆயினும், அங்கு வாழும் குழந்தைகளின் முகங்களும் நான்கு மாடி உயரத்தில் எழுந்து நின்றதைப் பார்த்தபோது, தலைவர்களையும் நடிகர்களையுமே பெரிதாக எழுதிப் பழகிய எங்களுக்கு வெட்கமாயிற்று. நாற்பது ஆண்டில் நம் பிள்ளை ஒருவனுடைய முகத்தையாவது நாங்கள் சுவரில் எழுதினோமா?

வெள்ளி விழாவிற்கு நுழைவாயிலில் ஃப்ளெக்ஸ் வளைவு வைக்கலாம் என்று குழுவில் பேச்சு வந்ததை அறிவோம். வையுங்கள்; எங்களுக்கு மனத்தாங்கல் இல்லை. மாணவர் விடுதியின் தெற்குச் சுவரை மட்டும் எங்களிடம் விட்டுவிடுங்கள் என்று கேட்டோம், தலைவர் இசைந்திருக்கின்றார். முப்பதடி நீளம், பதினெட்டடி உயரம். அண்ணல் ஒருபுறம், மறுபுறம் ஏணியின் மேல் நின்று புள்ளி வைக்கும் சிறுமி. இடையில் யாருடைய முகங்கள் என்பதை மாணவர்களே முடிவு செய்யட்டும். நிழற்படம் கொண்டு வந்தால் போதும். அடியில் ஓரடி உயரத்திற்கு வெற்றிடம் விட்டிருக்கின்றோம், அது பெயர்களுக்கு. 1991இல் இரவோடிரவாக வந்த ஐவரில் இருவரிடம் இசைவு கேட்டுவிட்டோம். மூவர் மறைந்துவிட்டனர், அவர்கள் வீட்டாரிடம் கேட்க ஆள் சென்றிருக்கின்றது. வாத்தியாரின் பெயர் முதலில் வர வேண்டும் என்று நாங்களும், அவர் கடைசியில்தான் எழுதச் சொல்லியிருப்பார் என்று அவருடைய மகளும் வாதாடிக்கொண்டிருக்கின்றோம்.

சுவருக்கு முதல் வெள்ளை அடித்தாயிற்று. காய இரண்டு நாள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நூல் அடிக்கத் தொடங்குவோம். நூலின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும். எதிர்ச்சாரியில் நின்று குரல் கொடுக்க நல்ல கண்ணுள்ள ஒரு பிள்ளையும் வேண்டும். வருகிறவர்கள் பழைய சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள். காவிக் கறை எளிதில் போகாது.